சிக்னலில் உதறும் மொரிஸ் மைனர்: எஸ்.யூ. காபரேற்றரோடு நீண்ட நாள் பழக்கத்தில் தெரிந்தவை

1098 சி.சி. மைனர் வைத்திருக்கும் நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. கார் வீதியில் நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால்தான் எஞ்சின் உதறுகிறது. பின்னால் கறுப்புப் புகை, உள்ளே பெற்றோல் மணம், கழற்றிப் பார்த்தால் நாலு பிளக்கும் அடுப்புக் கரி. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரையே புதிதாக வாங்கிப் போட்டுவிடலாமா என்கிறார்.

வேண்டாம். காபரேற்றரின் அடியில் இருந்து பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டிலிருந்தும் முதலில் கையை எடுங்கள்.

மைனரில் இருக்கும் எஸ்.யூ. எச்.எஸ்.2 போல எளிமையான காபரேற்றரைக் காண்பது அரிது. ஒரு ஜெற், அதற்குள் இறங்கும் ஒரு கூம்பு ஊசி, ஊசியைத் தூக்கும் ஒரு பிஸ்டன், ஒரு மிதவைக் கிண்ணம், அவ்வளவுதான். ஸ்லோவுக்கென்று, அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நிலைக்கென்று, தனி ஜெற் கிடையாது. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும் பெற்றோல் வருவது அந்த ஒரே துளையால்தான். இந்த எளிமையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஸ்லோவில் வரும் தலைவலிக்கும் வேர் இதே எளிமைதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். ஜெற்றின் துளை 0.090 அங்குலம். ஸ்லோவில் அதற்குள் நிற்கும் ஊசியின் விட்டம் 0.085 என்று வைப்போம். பெற்றோல் வருவது இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய வளையத்தால். ஊசி பல வருடம் உரசி, துளை 0.091 அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்த வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 21 வீதம் கூடிவிடும். அதே தேய்மானம், ஊசி 0.060 வரை மேலெழும் வேகத்தில் வெறும் 4 வீதம்தான். அதனால்தான் வீதியில் ஒரு குறையும் தெரிவதில்லை, நின்றால் மட்டும் எஞ்சின் பெற்றோலில் மூச்சுத் திணறுகிறது. ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக உரசிய கோடு இருந்தால் ஜெற்றும் முட்டை வடிவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஊசியை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஊசியின் தண்டில் எழுத்துக் குறி வெட்டியிருக்கும். 1098க்கு உரியது ‘ஏ.என்.’. கையில் இருப்பது அதுதானா என்று பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய கார்கள் எத்தனையோ உண்டு. அப்படிப் பல கை மாறி வந்த காபரேற்றருக்குள் எந்த ஊசி இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஊசியைத் திரும்பப் போடும்போது அதன் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே தள்ளிப் பூட்டினால் ஸ்லோ ரிச் (பெற்றோல் கூட), வெளியே நீட்டி நின்றால் லீன் (பெற்றோல் குறைவு).

ஆனால் ஊசிக்குப் போகுமுன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. எஸ்.யூ.வில் சோக் இழுத்தால் ஜெற்றே கீழே இறங்கும். சோக்கைத் தள்ளிய பிறகு அது முழுக்க மேலே ஏறாமல் இடையில் நின்றால், நாள் முழுக்கப் பாதிச் சோக்கில் ஓடுகிறீர்கள் என்று பொருள். சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஜெற்றின் அடியை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். உதறல் குறைந்தால் நோய் அங்கேதான். கேபிள் இறுக்கமாக இருக்கலாம், அல்லது ஜெற்றின் பித்தளைக் குழாய் அழுக்கேறி ஒட்டியிருக்கலாம். கேபிளில் 1/16 அங்குலம் தளர்வு கட்டாயம் வேண்டும். ஜெற்றைச் சோக் நிலைக்கு இறக்கி, வெளியே தெரியும் பித்தளைப் பகுதியைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து, ஒரு துளி மெல்லிய ஒயில் விட்டால் பல கார்களில் இத்தோடு கதை முடிந்துவிடும்.

அடுத்தது மிதவை. மைனரின் எஸ்.யூ. மின்பம்ப் டிக் டிக் என்று ஒலிக்கும். அதைப் போல நேர்மையான சோதனைக் கருவி வேறில்லை. சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை இயக்காமல் கேளுங்கள். கிண்ணம் நிரம்பியதும் சத்தம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சில விநாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்றில் பம்புக்கு முன்னால் காற்று புகுகிறது, அல்லது மிதவை வால்வு பெற்றோலை உள்ளே விடுகிறது. கிண்ண மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மூடிக்கும் மிதவைக்கும் இடையில் 1/8 அங்குல ட்ரில் பிட் நுழைய வேண்டும். மிதவையைக் காதோரம் ஆட்டுங்கள். உள்ளே பெற்றோல் அலம்பினால் அது உதவாது. பழைய பம்பை மாற்றிக் கூடிய அழுத்தமுள்ள புதுப் பம்பு போட்டிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் நல்ல வால்வும் தோற்றுப்போகும்.

எனக்குக் கோபம் வருவது இனிச் சொல்லப்போவதில்தான். அக்சிலேற்றரோடு சுழன்று காற்றுவழித் தட்டைத் திறந்து மூடும் திரொட்டில் தண்டு. காபரேற்றரின் உடல் அலுமினியக் கலவை, அதற்குள் சுழல்வதோ பித்தளைத் தண்டு. பல பத்தாண்டுக்குப் பிறகு துளை தேய்ந்து தண்டு ஆடும். ஸ்லோவில் எஞ்சின் குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால், அந்த இடுக்கால் புகும் காற்று பெரிய பங்காகிவிடுகிறது. கலவை லீன் ஆகி எஞ்சின் தடுமாறுகிறது. உடனே ஒருவர் ஜெற் நட்டை இரண்டு முகம் (நட்டின் ஆறு பக்கங்களில் இரண்டு பக்க அளவு) கீழே இறக்குகிறார். அன்றைக்கு எஞ்சின் சீராக நிற்கும். மறுநாள் அக்சிலேற்றரை விட்டதும் தண்டு வேறு சாய்வில் போய் உட்காரும். இடுக்கு அடைபடும், கலவை ரிச்சாகும், கறுப்புப் புகை வரும். இப்படித்தான் காற்று ஒழுக்கு ஒன்று ‘பெற்றோல் கூட’ என்ற பெயரில் வருடக்கணக்காக வைத்தியம் பார்க்கப்படுகிறது. ஒரு சிக்னலில் நன்றாகவும் அடுத்த சிக்னலில் மோசமாகவும் நிற்கிற கார் என்றால் முதலில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

உறுதி செய்ய, ஸ்லோவில் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் காபரேற்றர் கிளீனரைத் துளித்துளியாகப் பீச்சலாம். எஞ்சின் சத்தம் மாறினால் ஒழுக்கு உறுதி. புகைபோக்கி மனிபோல்ட் நேர் கீழே கொதித்துக்கொண்டு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தீயணைப்பான் கையருகில் இருக்கட்டும். திருத்தம் ஒன்றுதான்: நல்ல லேத் பட்டறையில் உடலைத் துளைத்து வெண்கல புஷ் (தண்டைத் தாங்கும் குழாய் வளையம்) போட்டு, புதுத் தண்டு. தட்டைக் கழற்றுமுன் அது எந்தப் பக்கம் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரு திருகாணிகளின் பிளந்த முனையைத் திரும்ப விரித்துவிட மறந்தால், கழன்று நேரே எஞ்சினுக்குள் போகும்.

எரிபற்றலையும் ஒதுக்கிவிட வேண்டும். இடைவெளிகள்: பொயின்ற் 0.015, பிளக் 0.025, குளிர்ந்த எஞ்சினில் டப்பெற் 0.012 அங்குலம். சோர்ந்த கொண்டென்சர் தரும் நோஞ்சான் பொறியிலும் பிளக் அதே மாதிரித்தான் கறுக்கும். காபரேற்றர் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டாஷ்பொற் ஒயிலைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. அது அக்சிலேற்றரை அமுக்கும் கணத்துக்கானது, ஸ்லோவோடு அதற்குத் தொடர்பில்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகே நட்டைத் தொடலாம். புது ஜெற் போட்டிருந்தால் அதன் பெரிய லொக் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனைக் கீழே அமுக்கியபடி இறுக்கி, ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். பிறகு ஜெற்றைப் பாலத்தோடு (பிஸ்டனுக்கு நேர் கீழே காற்றுவழியில் இருக்கும் மேடு) சமமாகும்வரை ஏற்றி, 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஒவ்வொரு முகமாக மேலே ஏற்றிக்கொண்டு, காபரேற்றரின் பக்கத்தில் இருக்கும் தூக்குமுளையால் பிஸ்டனை 1/32 அங்குலம் உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் இன்னும் ரிச். விழுந்து அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் இலேசாகக் கூடிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. மீற்றரும் வேண்டாம், கணினியும் வேண்டாம், ஒரு விரல் போதும். இந்தச் சோதனை சரியாக வந்து எஞ்சின் தையல் மெசின் போல நிற்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஆனாலும் நாள்தோறும் கொழும்பு நெரிசலில் ஓடும் கார் என்றால் இந்தக் காபரேற்றருக்கு நான் கொடுக்கும் புள்ளி ஐந்தில் இரண்டு. எங்கள் வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தினாலே கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து மேலே வழிகிறது. அப்போது அக்சிலேற்றரை முழுக்க அமுக்கிப் பிடித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நட்டைத் திருப்பி அதைத் தீர்க்க முடியாது. மலிவு விலைக் கிட்டில் வரும் ஜெற்றுகள் பல, போட்ட அன்றே நடுவில் நிற்பதில்லை. அந்த நட்டோ எவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கராஜிலும் ஒவ்வொருவர் திருப்பிவிட்டுப் போவார்கள்.

நண்பருக்கு: காபரேற்றர் வேண்டாம். ஜெற், ஏ.என். ஊசி, மிதவை வால்வு, தண்டு, புஷ் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். காசு கொடுக்குமுன் ஊசியின் தண்டில் வெட்டியிருக்கும் எழுத்தைக் கடையிலேயே வாசியுங்கள்.