ரிட்டயர் ஆன பிளேன்: கார்கோவா மாத்துறதா, பிரிச்சு வித்துடுறதா?

பயணிகள் சேவைல இருந்து நிறுத்தின பிளேனுக்கு பெரும்பாலும் இந்த ரெண்டு வழிதான்.

செலவு: கார்கோன்னா பல கோடி ஆகும், ஏன்னா முன்னாடி இடது பக்கத்துல உடம்பையே வெட்டி பெரிய கதவு வைக்கணும், தரையை பலப்படுத்தணும், ஜன்னல் ஒவ்வொண்ணா கழட்டி தகடு வச்சு அடைக்கணும், மாசக்கணக்கா ஹேங்கர்லயே (பிளேன் நிறுத்துற பெரிய கொட்டகை) நிக்கும்.
பிரிக்கிறதுக்கு அவ்ளோ ஆகாது, பணமும் சீக்கிரம் வரும்.

ஆயுள்: மாத்தினா இன்னும் 15, 20 வருஷம்கூட பறக்கும்.
பிரிச்சா கதை முடிஞ்சுது, ஆனா இன்ஜினும் லேண்டிங் கியரும் (சக்கரப் பகுதி) சான்றிதழோட வேற பிளேன்ல ஓடும், மதிப்புல பெரும்பங்கு இன்ஜின்லதான் இருக்கு.

ஏர்பஸ்ஸோட ரெண்டு மாடி பெரிய பிளேன் ஏ380க்கு கார்கோ வழியே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007ல பறக்கவிட்ட முதல் ஏ380 பத்தே வருஷத்துல ஓய்வாகி, 2019ல பிரான்ஸ்ல தார்ப் நகர்ல துண்டு துண்டா பிரிச்சாங்க, அந்த போட்டோ பாத்தப்போ நெஜமாவே மனசு கனத்துப்போச்சு.

737-800, 767-300, ஏ330 மாதிரி பிளேன், உடம்பு நல்லா இருந்தா, கார்கோவா மாத்துறதுதான் சரி. பிளேனை முழுசா பிரிச்சுப் பாக்குற பெரிய பராமரிப்பு சோதனை நெருங்குது, ஆனா இன்ஜின்ல இன்னும் உயிர் இருக்குன்னா தாராளமா பிரிக்கலாம்.