வேரழுகல்: தோண்டி வெட்டுவதா, மருந்து ஊற்றுவதா, டிரைக்கோடெர்மா போடுவதா?

செடி வாடினால் கை முதலில் தண்ணீரைத்தான் தேடும். என் செம்பருத்தியை நான் கொன்றது அப்படித்தான். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகமாக இருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீர் உறிஞ்ச வேர் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். ஓரமாகக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். நல்ல வேர் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில செடிகளுக்கு வேர் இயல்பிலேயே கருப்பு.

சரி, அழுகல்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

என் ஓட்டு தோண்டி வெட்டுவதற்கு. மண்ணைக் கழுவி, கெட்டியான பகுதி வரும்வரை வேரை நறுக்கி, கத்தரியை அவ்வப்போது ஸ்பிரிட்டில் துடைத்து, மேலேயும் கொஞ்சம் கிளைகளைக் குறைத்து, மேடான இடத்தில் நட வேண்டும். தொட்டி என்றால் மண் முழுக்கப் புதிது. அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது பொய். நுண்ணிய மண்ணில் நிற்கும் ஈரம் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வழியின் குறை, வயதான பெரிய புதர்களுக்கு ஒத்துவராது என்பது. பிடுங்குவதே அவற்றை முடித்துவிடலாம். அவற்றுக்குத் தண்டடியில் குவிந்த மண்ணை விலக்கி வடிகால் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மருந்து ஊற்றுவது சுலபம், ஆனால் ஆளைத் தெரியாமல் அடிக்கும் அடி. வேரை அழுக வைக்கும் கிருமிகளில் பித்தியமும் பைட்டோப்தோராவும் பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. பலரும் எடுக்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அவற்றை ஒன்றும் செய்யாது; மெட்டலாக்சில் அல்லது ஃபோசெட்டைல் அலுமினியம் என்ற மருந்து வேண்டும். ரைசாக்டோனியா, பியூசேரியம் போன்ற உண்மையான பூஞ்சைகள் என்றால் கதை தலைகீழ்: அங்கே மெட்டலாக்சில் வீண். கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். தண்ணீர் தேங்கிய பிறகு வந்த அழுகல் என்றால் முதல் சந்தேகம் பித்தியம், பைட்டோப்தோரா மேல். அவற்றின் வித்துகள் நீரில் நீந்திப் போகும். சரியான மருந்தேகூட கிருமியை அடக்கும், அவ்வளவுதான். செத்த வேர் திரும்பாது.

டிரைக்கோடெர்மா என்பது நோய்க்கிருமிகளை அடக்க மண்ணில் போடும் நன்மைப் பூஞ்சை. அது நல்ல காவலாளி, சுமாரான வைத்தியர். மறுநடவின்போது மட்கிய உரத்தோடு கலந்து போடுவதில் அர்த்தம் உண்டு. பாதி வேர் போன செடிக்கு அதை மட்டும் நம்புவது வீண். அது உயிருள்ள பூஞ்சை என்பதால் கார்பென்டாசிமோடு சேர்த்து ஊற்றினால் அதுவே செத்துப்போகும். ஹைட்ரஜன் பெராக்சைடா? நுரைக்கும், சீக்கிரமே சிதைந்துபோகும், நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துக் கொல்லும். நான் விட்டுவிட்டேன்.

தண்டின் அடியே பழுப்பாகி மெத்தென்று ஆகிவிட்டால் மேலே சொன்ன மூன்றும் வேண்டாம். வெட்டுவாய் வெளுப்பாகத் தெரியும் மேல்கிளைகளை வெட்டி நடுவதற்கு எடுத்துக்கொண்டு, மீதியை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பைட்டோப்தோராவின் ஓய்வு வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அதே குழியில் அதே செடியை நட வேண்டாம். என் செம்பருத்தியின் கிளை இப்போது மூன்றடி தள்ளி, மேட்டில் நிற்கிறது.