டிஎஸ்பி போட்டதும் சத்தம் குறைந்தது: ப்ரீஆம்பா, வேறு பெட்டியா?

கோத்தகிரியில் எங்கள் ஹாலுக்கு மேலே தகர சீட். ஐப்பசி மழை பிடித்தால் பேசுவதே கேட்காது, பாட்டு எங்கே கேட்கும்? இதில், அறையின் பேஸ் குமுறலை அடக்குகிறேன் என்று பாட்டைத் தரும் ஸ்ட்ரீமருக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்புக்கும் நடுவே ஒரு டிஎஸ்பி பெட்டியை, அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் பெட்டியை, போட்டேன். குமுறல் போனது, கூடவே சத்தமும் போனது.

கேபிள், மியூட், ஸ்ட்ரீமர் வால்யூம் எல்லாம் யாரும் முதலில் பார்ப்பதுதான். என் தப்பு டிஎஸ்பியின் மென்பொருளில் இருந்தது. 40 ஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபல் ஏற்றி, அதனால் ஒலி உடையாமலிருக்க மொத்தத்தையும் 8 டெசிபல் இறக்கியிருந்தேன். ஏற்றத்தை எடுத்துவிட்டுக் குமுறும் இடத்தை மட்டும் வெட்டியதும் அந்த 8 திரும்பி வந்தது. மழை நாளுக்கு அதுவும் போதவில்லை.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆம்பை அணைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை முழு அளவில் ஓடவிட்டு அளந்தால் டிஎஸ்பிக்கு உள்ளே போவது 2 வோல்ட், வெளியே வருவது 0.9. பழுதெல்லாம் இல்லை, அந்தப் பெட்டியின் உச்சமே அவ்வளவுதான். என் ஆம்ப் முழுச் சக்திக்கு 1.5 வோல்ட் கேட்கும். 0.9 கொடுத்தால் கிடைப்பது 36 சதவீதம். இதற்கு மேல் டிஜிட்டல் கெயினை ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அவ்வளவுதான்.

ஆக இரண்டு வழி: டிஎஸ்பிக்குப் பின்னால் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு ப்ரீஆம்ப், அல்லது 2 வோல்ட் தரும் வேறு டிஎஸ்பி பெட்டி.

ப்ரீஆம்ப் விலையில் மலிவு. குன்னூர் நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் பத்து நாள் ஓட்டினேன். சத்தம் தாராளம். ஆனால் டிஎஸ்பியின் இரைச்சலையும் அது சேர்த்தே தூக்கியது. ராத்திரி ஊர் அடங்கியபின் ட்வீட்டரில் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) 'ஸ்ஸ்' என்று தெளிவாகக் கேட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஈரம். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. ஐந்தாம் நாள் அந்த வால்யூம் நாப்பைத் திருப்பினால் சரசரவென்று சத்தம். இடது பக்கம் காணாமல் போய், ஒரு தட்டுத் தட்டினால் வந்தது. ஆடியோ கேபிள் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், இரண்டு நாள் தாங்கியது. ஒரு பெட்டி கூடினால் நாலு சாக்கெட், ஒரு அடாப்டர், ஒரு நாப் கூடுகிறது. ஒவ்வொன்றும் மழைக்காலத்தில் ஒரு வேலை. சின்னப் பழுதுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். நண்பருடையது பழைய பெட்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய ப்ரீஆம்ப் இவ்வளவு மோசமாக இருக்காதோ என்னவோ, நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

அதனால் விலை கூடினாலும் 2 வோல்ட் பெட்டிக்கே மாறினேன். 0.9லிருந்து 2க்கு ஏறக்குறைய 7 டெசிபல் ஏற்றம். ஆம்ப் முழுச் சக்திக்குப் போய் மிச்சமும் இருக்கிறது. வால்யூமை ரிமோட்டில் டிஜிட்டலாகவே வைத்துக்கொள்கிறேன், சரசரக்க நாப்பே இல்லை. பெட்டியின் உள்ளீட்டு அளவைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்பை மட்டும் ஸ்ட்ரீமருக்குப் பொருத்தமாக 2 வோல்ட்டில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. சாக்கெட்டுகளை இரண்டு தடவை துடைத்ததோடு சரி.

பழைய பெட்டியை ஜீப் வைத்திருக்கும் நண்பர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். கார் ஆம்புகளில் பல அரை வோல்ட்டுக்குக் குறைவிலேயே முழுச் சக்தி தந்துவிடும், 0.9 அவருக்குத் தாராளம். உங்கள் ஆம்பின் கையேட்டிலும் அப்படிப் போட்டிருந்தால், மென்பொருளைச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இருங்கள், எதுவும் வாங்க வேண்டியதில்லை.