பிளக்கைக் கழற்றிக் காட்டாமல் இன்ஜினை இறக்கச் சொன்னால் நம்பாதீர்கள்

வடசென்னையில் திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். இன்ஜின் வேலை என்று சொல்லி ஒரு ஒர்க்ஷாப்பில் என்னிடம் 38,000 ரூபாய் கேட்டார்கள். கோளாறு இருந்தது ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கில் (சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்). அதை உடைத்ததும் அவர்கள்தான்.

எங்களுடையது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு. ஓடும்போது லேசாக மிஸ் அடித்தது, மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது. எண்ணூர் விரைவு சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மாலையில் எடுக்கப் போனால் வண்டி முன்பைவிட மோசமாக உதறுகிறது. "ரிங் தேஞ்சிருச்சு சார், இன்ஜினை இறக்கி போர் பண்ணணும். இப்படியே ஓட்டினா நடுரோட்ல நிக்கும்" என்றார் முதலாளி. (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ரிங்; போர் பண்ணுவது என்றால் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து சரிசெய்வது.) கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், செக் பண்ணீங்களா என்று கேட்டேன். "சத்தத்துலயே தெரியும் சார்." பில்லில் 'பிளக் கிளீனிங், டியூனிங்' என்று எழுதி 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சைலன்சரில் நீலப் புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. ரிங் தேய்ந்த வண்டி இப்படி இருக்காது. அதனால் வியாசர்பாடியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். (வெறுங்கையால் யாரும் முயற்சி செய்யாதீர்கள், பல்லாயிரம் வோல்ட் பாயும்.) இரண்டு ஓரத்து ஒயர்களில் எதை எடுத்தபோதும் இன்ஜின் அணையப் பார்த்தது. நடு ஒயரை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் வேலையே செய்யவில்லை. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்துவிட்டால் உதறாமல் என்ன செய்யும்?

இன்ஜின் நன்றாக ஆறியபிறகுதான் பிளக்குகளைக் கழற்றினார். சூட்டோடு திருகினால் சிலிண்டர்களின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். இரண்டு பிளக்கின் முனை வெளிர் பழுப்பு. நல்ல நிறம் அதுதான். நடு பிளக்கின் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. மேலே இரும்புப் பகுதியில் உப்புக்காற்றுத் துரு, பீங்கானில் குறுக்கே விரிசல். "உடைஞ்ச இடம் எவ்ளோ வெள்ளையா இருக்கு பாருங்க தம்பி. இது புதுசா உடைஞ்சது" என்றார். பழைய விரிசல் என்றால் அழுக்கும் கரியும் இறங்கிக் கறுத்திருக்குமாம். இறுகிப்போன பிளக்கில் ஸ்பேனரைச் சாய்த்துப் போட்டுத் திருகியிருக்கிறார்கள், உடைந்ததும் மேலே ஒயர் மூடியை மாட்டி மறைத்துவிட்டார்கள். பீங்கான் விரிசல் விட்டால் பொறி முனைக்குப் போகாமல் வெளியிலேயே இரும்புக்குத் தாவிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் அந்த நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

கேஜ் வைத்து கம்ப்ரஷனும் பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்புறம் மூன்று புது பிளக், முனையில் பொறி தாவும் இடைவெளி 0.8 மி.மீ., முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, கடைசியில்தான் ஸ்பேனர். ஒரு பிளக் 200 ரூபாய்க்குள்தான். வண்டி இப்போது சீராக ஓடுகிறது.

துருப்பிடித்த பிளக் யார் கையிலும் உடையலாம், அதற்கு எனக்குக் கோபமில்லை. அதை மறைத்து, அந்த உதறலையே காட்டி இன்ஜினை இறக்கச் சொன்னதுதான் அநியாயம். பெரம்பூர், தண்டையார்பேட்டை என்று வாடகை ஓட்டிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர் வட்டிக்கு வாங்கி இப்படிக் கொடுத்திருப்பார்களோ.

யாராவது ரிங், போர் என்று பேச ஆரம்பித்தால், பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது சூடு அதிகம். ஆயில் பிசுக்கு இருந்தால் ரிங்கையோ, ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீலையோ சந்தேகப்படலாம். அப்போதும் கேஜ் வைத்துப் பார்த்து, அளவு குறைவாக இருக்கும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால்தான் ரிங் கோளாறு. பிளக் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

உடைந்த பிளக்கும் பில்லும் என்னிடம் இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், "நாங்க கழட்டவே இல்லை" என்றார்கள். 'பிளக் கிளீனிங்' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறதே என்றேன், பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.