கடலூர் சாலையில் ஒரு பழைய கார் ஸ்பேர்ஸ் கடை: வண்டிப் பேரை விட அளவே முக்கியம்

"அம்பாசடருக்கு வாட்டர் பம்ப் வேணும்" என்று கேட்டதும் "எந்த எஞ்சின் சார்?" என்று திருப்பிக் கேட்கிற கடையில்தான் பழைய வண்டிக்குப் பாகம் வாங்க வேண்டும். உத்தரபாராவில் 2014 வரை தயாரான அந்த வண்டியில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். 1990களில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வந்தது. முன்னதில் போல்ட், நட்டு எல்லாம் அங்குல மரை, பின்னதில் மில்லிமீட்டர் மரை. இந்த வித்தியாசம் தெரியாமல் தந்த ஒரு நட்டு போதும், சிலிண்டர் ஹெட்டில் ஸ்டட்டே வீணாகிவிடும்.

புதுச்சேரியில் முதலியார்பேட்டைக்கும் முருங்கப்பாக்கத்துக்கும் நடுவே, கடலூர் சாலையில் இருக்கும் இந்தக் கடை அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மூன்றுக்கு மட்டும் பாகம் விற்கிறது. ஏட்டிலும் முதலாளியின் ஞாபகத்திலும் இருந்த சரக்கு இப்போது கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. பில் போட மட்டும் கம்ப்யூட்டர் வாங்கிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே வேறு மாதிரி. ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து அளந்து, அந்த அளவையும் பதிந்திருக்கிறார்கள். வண்டிப் பெயர், பார்ட் நம்பர், இரண்டும் இல்லாவிட்டால் உள் விட்டம், வெளி விட்டம், நீளம், மரை என்று எதை வைத்தும் தேடலாம். டப்பா தொலைந்து, நம்பர் அழிந்து, துருவேறிய பாகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் என்பதால், இந்தத் தேடல்தான் கடையின் உண்மையான பலம்.

போல்ட் விஷயத்தையே பாருங்கள். 5/16 அங்குல யு.என்.எஃப் (அங்குல நுண்மரை) போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் மரையான எம்-8 போல்ட் 8 மில்லிமீட்டர். கையில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் யு.என்.எஃப்பில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர். எம்-8ல் 1.25. மாற்றிப் போட்டால் ரெண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் பிடிக்கும். 'துரு பிடிச்சிருக்கு' என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். இந்தக் கடையின் கவுண்டரில், மரை இடைவெளியைச் சரிபார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்று சங்கிலி போட்டுத் தொங்குகிறது. பையன் அதன் பல்லை மரைமேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் திரையில் எண்ணைத் தட்டுகிறான். கம்ப்யூட்டர் வந்த பின்னும் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதற்காகவே கடையைப் பாராட்ட வேண்டும்.

பிஸ்டனிலும் இதே கவனம். பி.எம்.சி எஞ்சினின் ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 73.025 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியபின் போடும் ஓவர்சைஸ் பிஸ்டன் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் போகும். நாற்பது என்றால் 1.016 மில்லிமீட்டர் கூடுதல். பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்கு ஸ்டாண்டர்ட் போர் 68 மில்லிமீட்டர், அதன் ஓவர்சைஸ் கணக்கே வேறு. திரையில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் லேத்துக்காரரிடம் தவறான எண் போகாது. ஆனாலும் பிஸ்டன் கையில் வந்து, அதை அளந்த பிறகுதான் பிளாக்கைப் போரிங்குக்குக் கொடுக்க வேண்டும். எந்த மென்பொருளும் இந்த வரிசையை மாற்றாது.

பாகத்தின் பெயரை மெக்கானிக் சொல்கிறபடியே ஏற்றியிருப்பது இன்னொரு நல்ல வேலை. 'செல்ஃப்' என்று தட்டினால் ஸ்டார்ட்டர் மோட்டார் வருகிறது, 'கிராஸ்' என்றால் யுனிவர்சல் ஜாயிண்ட். தமிழிலும் தட்டலாம்.

ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் ட்ரனியன் (முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டு) கேட்டுப் போகும்போது இந்தப் பதிவின் அருமை தெரியும். முன்சக்கரத்து ட்ரனியனில் இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இங்கே இரண்டுக்கும் தனித்தனிக் கோடு நம்பர். கூடவே ஒரு குறிப்பும் பில்லில் அச்சாகிறது: கிரீஸ் வேண்டாம், ஈ.பி 90 கியர் ஆயில் மட்டும். கிரீஸ் காய்ந்து இறுகினால் எண்ணெய் மரைக்குள் போகாது. தண்ணீர் தங்கித் துரு அரிக்கும், ஒருநாள் ட்ரனியனுக்குள் திருகியிருக்கும் வெர்ட்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சென்னையில் தயாரான வண்டிக்குச் சென்னையிலேயே இந்தக் குறிப்பைச் சொல்லி விற்கும் கடைகள் குறைவு.

அளவில் தேடுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஆயில் சீல், பேரிங் போன்றவை அளவும் தரமும் ஒத்துப்போனால் டிராக்டருக்கு வந்ததைக்கூடப் போடலாம். பிரேக் வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் அப்படியல்ல. போர் கொஞ்சம் மாறினாலும் முன் பின் பிரேக்கின் பங்கு மாறிவிடும். அளவு நெருங்கி வந்தால் திரை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுகிறது, பிரேக் பாகம் என்று எச்சரிக்கை எதுவும் இல்லை. இதை உடனே திருத்த வேண்டும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்த பிறகு ரப்பர் பாகங்களின் கேள்வி பெரிதாகிவிட்டது. பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். ஹோஸ் எந்த ரப்பர் என்பதை இந்தக் கடை பதிந்து வைத்திருக்கிறது. எத்தனாலைத் தாங்கும் ரப்பரான வைட்டான் என்று பதிவில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் கசிவதை நினைத்தால் கூடுதலே இல்லை.

கிடைக்காத டேஷ்போர்டு குமிழ், கண்ணாடி கிளிப் போன்றவற்றை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் எடுத்தும் தருகிறார்கள். ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்கில்தான் கேட்க வேண்டும். பி.எல்.ஏ மலிவு, ஆனால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடும். பெட்ரோல் படும் எதையும் அச்சில் எடுக்க மாட்டோம் என்று மறுத்துவிடுகிறார்கள், அது சரியான முடிவு.

குறைகளில் பெரியது லேபிள். வெறும் தெர்மல் காகிதத்தில் அச்சடிக்கிறார்கள். வெக்கையில் அது கறுக்கிறது, கிரீஸ் கை பட்டால் எழுத்து மங்கிப் பார்கோடு படிக்காது. ரிப்பன் வைத்த பிரிண்டரும் பிளாஸ்டிக் லேபிளும் போட்டால் இந்தத் தொல்லை தீரும். கடல் காற்று ஊரில் எண்ணெய் பூசாமல் எந்தப் பாகத்தையும் வைக்க முடியாது என்பதால் இது சின்ன விஷயமல்ல. அடுத்தது, சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய சரக்கு. ஸ்டியரிங் பாக்ஸ் ஆறு இருந்தாலும் ஒரே கோடு நம்பர், ஒரே படம். தேய்மானம் ஒன்றுக்கொன்று எவ்வளவோ மாறும். திரையைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், கைக்கு வரப்போகும் அதே பாகத்தின் படத்தைக் கேட்டு வாங்கவும்.

பில்லில் குறை இல்லை. 34ல் தொடங்கும் புதுச்சேரி ஜி.எஸ்.டி எண்ணுக்கும், 33ல் தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணோடு கடலூருக்குப் பார்சல் கேட்பவருக்கும் வரியை மென்பொருளே சரியாகப் பிரித்துவிடுகிறது.

கடலூர், பண்ருட்டியிலிருந்து வாட்ஸாப்பில் கேட்பவர்கள் பாகத்தைக் கட்டம் போட்ட தாளின்மேல் வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்து, வெர்னியர் அளவோடும் எஞ்சின் நம்பரோடும் அனுப்பினால் பதில் சரியாக வரும். சாய்வாக எடுத்த படத்தில் அளவு பிசகும். எலெக்ட்ரிக்கல் பாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் கண்டன்சரைக் கவுண்டரிலேயே மீட்டரில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 0.2 மைக்ரோஃபாரடுக்குப் பக்கத்தில் காட்டினால் எடுக்கலாம்.