எலும்பு வழியாகத் திரவம்: டிரில்லா, ஸ்பிரிங்கா, நெஞ்செலும்பா?

ரத்தம் நிறையப் போய்விட்ட ஆளுக்குக் கையில் நரம்பு கிடைக்காது, எல்லாம் சுருங்கிக் கிடக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ரத்த நாளங்கள் அப்படிச் சுருங்குவதில்லை, அதனால்தான் ஐஓ (இன்ட்ராஆசியஸ்), அதாவது எலும்புக்குள் ஊசி போட்டுத் திரவம் விடுவது. எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், முதலில் காயம் எங்கே என்று சொல்லுங்கள்.

பரவலாகக் கிடைப்பது ஈஸி-ஐஓ, பேட்டரியில் ஓடும் சின்ன டிரில். ஊசி 15 கேஜ் (தடிமன் அளவு), நீளம் 15, 25, 45 மி.மீ. பழகுவது சுலபம். ஊசி நுனி எலும்பைத் தொட்டதும், டிரிகரை அழுத்தும் முன், தோலுக்கு மேலே ஊசியில் உள்ள ஒரு கறுப்புக் கோடாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் நீளம் போதாது. பலரும் பழக்கத்தில் முழங்காலுக்குக் கீழேதான் போடுகிறார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு அங்கே போட்டால் உள்ளே விடுவது இதயத்துக்குப் போகும் வழியிலேயே கசிந்துவிடலாம். அவருக்குத் தோள்பட்டைக்குக் கீழே, மேற்கை எலும்பில் போடுங்கள், ஆனால் அதற்கப்புறம் கையைத் தூக்கவிடாதீர்கள், ஊசி வளைந்துவிடும் அல்லது வெளியே வந்துவிடும்.

கண்ணிவெடியில் கால் இரண்டும் போன சிப்பாய்க்கு? அங்கேதான் ஃபாஸ்ட்1, நெஞ்செலும்பின் மேல்பகுதியில் கையால் அழுத்திப் போடுவது. 2015-ல் வந்த ஒரு சடல ஆய்வில், அழுத்தம் கொடுத்து விட்டபோது, நெஞ்செலும்பில் நிமிடத்துக்குச் சுமார் 94 மி.லி., தோளில் 57, முழங்காலுக்குக் கீழே 31 என்று ஓடியது. வித்தியாசம் சின்னதில்லை. குறை என்னவென்றால் 12 வயதுக்குக் கீழே போடக்கூடாது, கவச உடையைத் திறக்க வேண்டும். ஈஸி-ஐஓ டிரில்லை மட்டும் நெஞ்சில் வைத்துவிடாதீர்கள், பின்னாலேயே இதயம் இருக்கிறது!

ஸ்பிரிங் விசையில் ஊசியை எலும்புக்குள் சுடும் வகையில் பிக், நியோ என்ற கருவிகள் இரண்டும் பேட்டரி கேட்காது, எடையும் குறைவு. சுட்டால் சுட்டதுதான், பாதியில் நிறுத்தித் திருத்த முடியாது. அதனால் எனக்கு டிரில்தான் பிடிக்கும்.

கையால் திருகும் ஜம்ஷிடி ஊசி விலை குறைவு, குழந்தைகளின் மென்மையான எலும்புக்குப் போதும். பெரியவர்களுக்குத் திருகித் திருகிக் கை வலித்துவிடும்.

எதைப் போட்டாலும் 10 மி.லி. சலைனை வேகமாக உள்ளே தள்ளாவிட்டால் டிரிப்ஸ் ஓடாது. நினைவோடு இருப்பவருக்கு உயிர் போகிற வலி அந்த நேரத்தில்தான், ஊசி குத்தும்போது அல்ல, அதனால் முதலில் மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்னை அந்த ஊசி வழியாகவே மெதுவாகக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் டிரிப்ஸ் பையைச் சுற்றி அழுத்தும் பிரஷர் பேக்கை 300 mmHg-ல் வைத்து ஓட்டுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஊசியை எடுத்துவிட வேண்டும்.