கனவு டைரி ஆப்: ஏழு மாசம் யூஸ் பண்ணிட்டு 5க்கு 2

பேரு போடல, நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி ஆப் எல்லாமே ஒரே அச்சு தான். நான் கட்டினது வருஷத்துக்கு 1,499 ரூபா. கட்டினதுக்கு ஒரே காரணம், உங்க கனவுல திரும்பத் திரும்ப வர்ற விஷயத்த நாங்களே கண்டுபிடிச்சு காட்டுவோம்னு போட்டிருந்தான்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். காலைல அலாரத்த ஆஃப் பண்ண உடனே எழுதுற பக்கம் தான் வந்து நிக்கும், வாட்ஸ்அப்புக்கு கை போறதுக்குள்ள நாலு வரி தட்டிடலாம், இது பெரிய விஷயம் ஏன்னா பல்லு விளக்கி முடிக்கிறதுக்குள்ள பாதி கனவு போயிடும். விடியக்காலை கனவு பலிக்கும்னு எங்கம்மா சொல்லும். பலிக்குதோ இல்லையோ, கனவு அதிகமா வர்ற ரெம் தூக்கம் சுமாரா 90 நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து போகும், விடிய விடிய அது நீளும், அதனால அந்நேரத்து கனவு தான் நீட்டமாவும் இருக்கும் எந்திரிச்சதும் ஞாபகமும் இருக்கும். இப்படியே 61 கனவு சேந்துச்சு.

இனிமே தான் கடுப்பு. தமிழ்ல எழுதினா ஆப் திணறுது. பரீட்சைன்னு ஒரு நாள் எழுதிருப்பேன், எக்ஸாம்னு ஒரு நாள், ரெண்டும் வேற வேற தீமாம். இன்னொரு பக்கம் "படி"ன்னு ஒரு தீம் கண்டுபிடிச்சு பெருமையா காட்டுச்சு, என்னன்னு போய் பாத்தா மாடிப்படி, "படிடா"ன்னு வாத்தியார் திட்டுறது, ஒரு படி அரிசி, மூணையும் ஒண்ணா கட்டி வெச்சிருக்கான். சிரிக்கிறதா அழுவுறதா.

தமிழ் பிரச்சனைய கூட மன்னிக்கலாம். கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்ப காணோம், பஸ் என் பைய தூக்கிட்டு போயிடுச்சு, ஹால் டிக்கெட் இல்லாம பரீட்சை ஹால் வாசல்ல நிக்கிறேன், இதுக்கு ஆப் போட்ட பேரு காலணி, பயணம், கல்வி. அட, மூணுலயும் நான் ஒரே வேலைய தானய்யா செஞ்சிட்டிருக்கேன், எதையோ தொலைச்சிட்டு தேடிட்டிருக்கேன்! அது எந்த வார்த்தையிலயும் இல்ல, அதனால வார்த்தைய எண்ற ஆப்புக்கு தெரியவே தெரியாது.

இதுல காமெடி என்னன்னா இந்த வேலைக்கு முறை எப்பவோ வந்தாச்சு. ஹால், வான் டி காசில்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க 1966லயே காலேஜ் பசங்க பொண்ணுங்களோட 1,000 கனவ வெச்சு யாரு வந்தா, எங்க நடந்துச்சு, என்ன செஞ்சாங்க, என்ன கெடுதல் ஆச்சு, மனசு எப்படி இருந்துச்சுன்னு பிரிச்சு பிரிச்சு எண்ணிருக்காங்க. நானும் 40 ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி அதே மாதிரி கட்டம் போட்டு 61ஐயும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து திருப்பி எழுதினேன், மூணு டீ ஆச்சு. தேடுற கனவு மட்டும் 19. அதுல 14 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்தது. ஹவுஸ் ஓனர் வீட்ட காலி பண்ண சொன்னது ஆகஸ்டு மாசம்.

தேதி எல்லாம் ஆப் கிட்டயே இருக்கு, அத வெச்சு ஒரு கோடு போட்டு காட்டிருந்தா கூட எனக்கு புரிஞ்சிருக்கும். அதுக்கு பதிலா கலர் கலரா வட்டம் போட்டு காட்டுது, கீழ "பாம்பு என்றால் மறைமுக எதிரி"ன்னு பலன் வேற. எங்கம்மா கிட்ட கேட்டா பாம்பு கடிச்ச மாதிரி கண்டா புடிச்ச சனி விட்டுச்சும்பாங்க, அது ஃப்ரீ, கேக்கவும் நல்லா இருக்கு.

ஆமா, ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ற பட்டன தேடி கண்டுபிடிக்க எனக்கு 20 நிமிஷம் ஆச்சு, வாங்குறவங்க முதல் நாளே பண்ணிடுங்க. இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு, சும்மா எழுதி வெச்சா போதும்ங்கிறவங்களுக்கு ஃப்ரீ வெர்ஷனே போதும். தீம் கண்டுபிடிக்கணும்னா நோட்டு வாங்குங்க.

வீடு இன்னும் அமையல. நேத்து கனவுல செருப்பு ஒரு கால் மட்டும் கெடச்சுது.